அத்தைக்கு விரித்த பாய்

ஹாபாய் தீவு
14 பிப்ரவரி 1988

என் தம்பி மனைவி கலோலைனேவுக்கு,

புயல் மாதத்திலும் நம்மைக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிற ஆண்டவருக்கு நன்றி. ஆக்லாந்தில் நீயும் என் தம்பி செமிசியும் மூன்று பிள்ளைகளும் சுகமா?

கப்பலில் நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிஸ்கட் டின்னைத் தங்கச்சி ஃபானே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பழைய துண்டுகளும் படுக்கை விரிப்புகளும் நிறைய வைத்திருந்தாய். அவை எனக்கு வேண்டும். இன்னும் கிழிசல் இருந்தால் தூக்கிப் போடாதே, அனுப்பு.

நீ நாலாவது உண்டாகியிருக்கிறாய் என்று செமிசி தபால் நிலையத்துக்குப் போன் பண்ணிச் சொன்னானாம். ஃபானே அங்கிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். "அக்கா, செமிசி அண்ணன் வீட்டுல நாலாவது வருது. அந்தப் பொண்ணுக்குப் பிள்ளை பெறுறது தும்மல் போடுற மாதிரி." நான் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நல்லது என்று சொன்னேன். மூன்று இருக்கிறதே, நாலாவது எதற்கு என்று மனசில் வந்தது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான், சுற்றி வளைத்து எழுதத் தெரியாது.

என் மகளை மணலில் அடக்கம் செய்து ஆறு மாதம் ஆகிறது. இடுப்பில் சுற்றிக் கட்டிய துக்கப் பாயை இன்னும் அவிழ்க்கவில்லை. மூச்சே விடாத பிள்ளைக்கு இவ்வளவு பெரிய பாயா, இவ்வளவு நாளா என்று கேட்கிறார்கள். "விடுங்க, தாய் மனசு" என்கிறாள் பாதிரியார் மனைவி. என் வீட்டுக்காரன் பௌலா பாகோ பாகோ துறைமுகத்தில் மீன் கப்பலில் ஏறிவிட்டான். செமிசி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவன். நீ கொடுத்துவைத்தவள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் நாத்தனார்
ஹுலிட்டா


ஆக்லாந்து
20 மார்ச் 1988

மரியாதைக்குரிய ஹுலிட்டா அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்க்க வைத்த ஆண்டவருக்கு நன்றி. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்களுக்கும் ஃபானேவுக்கும் சுகம்தானே?

குழந்தை ஜூன் மாதம் பிறக்கும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்கு வருகிறோம். ஞானஸ்நானம் நம் கோயிலில்தான் என்று உங்கள் தம்பி முடிவாகச் சொல்லிவிட்டார். விருந்தில் அத்தைக்கு மேல் இடத்தில் பாய் விரித்து, பிள்ளையை உங்கள் மடியில் வைக்க வேண்டும். "எங்க அக்கா உக்காராத விருந்து விருந்தா?" என்கிறார். ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிப் பட்டையைத் தட்டி, ஒட்டி, பத்து ஆள் நீளத்துக்கு மரப்பட்டைத் துணி செய்யட்டும், அதைக் கடைசியில் அக்காவுக்கே போர்த்துவோம் என்று ஃபானேவிடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா, உங்கள் உடம்பு எப்படி? பிரசவத்துக்குப் பிறகு உட்கார, எழுந்திருக்க எல்லாம் சரியாக முடிகிறதா? தவறாக நினைக்க வேண்டாம். துண்டுகள் இன்னும் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்
கலோலைனே


ஹாபாய்
3 மே 1988

கலோலைனேவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் உட்காருவதும் எழுந்திருப்பதும் உனக்கு எதற்கு? என் கடிதத்தை நீதான் செமிசிக்கு வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். அக்காவின் உடம்பைப் பற்றித் தம்பி காதில் விழலாமா? அக்கா இருக்கிற வீட்டில் தம்பி படுக்கக்கூட மாட்டான், அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆக்லாந்து போனதும் உனக்கு அதெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

விருந்தில் மேல் இடத்தில் நான் உட்காரப் போவதில்லை. ஃபானே இருக்கிறாள், அவளை உட்கார வை. அவளுக்கும் ஆசைதான். நேற்றே என்னிடம், "அக்கா, நீ துக்கத்துல இருக்க. உனக்குப் பதிலா நான் வேணும்னா உக்காரட்டுமா?" என்று கேட்டாள். முகத்தில் துக்கம் ஒரு துளி இல்லை. என் இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும்.

கோயிலில்கூட நான் இப்போது வாசலை ஒட்டின கடைசி பெஞ்சுதான். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து சாப்பிடுவதில்லை. ஹுலிட்டாவுக்கு என்ன பக்தி, என்ன தாழ்மை என்கிறார்கள். சொல்லட்டும்.

பிள்ளைகளை விசாரித்தேன் என்று சொல்.

ஹுலிட்டா


ஆக்லாந்து
28 ஜூன் 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஆண்டவர் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார். நானும் அவளும் நலம். நீங்கள் அனைவரும் நலமா?

லோசே என்று பெயர் வைத்திருக்கிறோம். நெற்றி அப்படியே உங்கள் நெற்றி. இந்தப் பிள்ளை கீழ்வழியாக வரக் கூடாது என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால், நாள் குறித்து வயிற்றை அறுத்து எடுத்தார்கள். தையல் இழுக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

அக்கா, நீங்கள் உட்காரப் போவதில்லை என்று எழுதினதை உங்கள் தம்பிக்கு வாசிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். இன்னும் நாள் இருக்கிறது. யோசியுங்கள்.

உங்கள்
கலோலைனே


ஹாபாய்
2 ஆகஸ்ட் 1988

கலோலைனேவுக்கு,

பிள்ளை பிறந்ததற்கு ஆண்டவருக்குத் தோத்திரம். தாயும் பிள்ளையும் நன்றாக இருங்கள்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நாள் குறித்து எடுத்தார்களா? கப்பல் டிக்கெட் மாதிரி. நீ முக்கக்கூட வேண்டாம், வலிக்கக்கூட வேண்டாம், டாக்டரம்மா முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள். உனக்காக யோசிக்க ஒரு ஆள்.

என் கதை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதையும் தம்பிக்கு வாசிக்காமல் விட்டுவிடு. வலி வந்த அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. பெரிய தீவுக்குப் படகு எடுக்க முடியாது என்றார்கள். அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாள் விடியும் வரையும் முக்கினேன். பிள்ளைத்தலை வாசலில் நின்றது, வரவும் இல்லை, போகவும் இல்லை. "முக்கு, சோம்பேறி, முக்கு" என்று ஃபானே கத்தினாள். கடைசியில் வந்தாள். தலை நிறைய முடி. நீலமாக இருந்தாள். குளிப்பாட்டி என் கையில் கொடுத்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். கடல் அன்றைக்கு மத்தியானமே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

உன் பிள்ளைக்கு என் நெற்றி என்று எழுதியிருக்கிறாய். என் பிள்ளைக்கும் என் நெற்றிதான்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஹுலிட்டா


ஆக்லாந்து
11 செப்டம்பர் 1988

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களுக்குச் சமாதானம் தரட்டும். நாங்கள் நலம் என்று எழுத ஆசை. ஆனால் லோசேவுக்கு ஒரு மாதமாக நெஞ்சுச் சளி. பாலை உறிஞ்சினால் மூச்சு வாங்குகிறது.

போன வாரம் ஃபானே போன் பண்ணினாள். மரப்பட்டைத் துணி ஒட்டுகிற அன்றைக்கு நீங்கள் சாயத் தொட்டியைக் கவிழ்த்து, செய்து முடித்த பாதித் துணியைக் கெடுத்துவிட்டீர்களாம். "தெரியாம இல்ல அண்ணே, ரெண்டு கையாலயும் தூக்கித் தன் மடியிலயே கொட்டிக்கிட்டா. உன் பொண்டாட்டி பிள்ளை மேல அவளுக்கு அவ்வளவு எரிச்சல்" என்றாளாம். உங்கள் தம்பி போனை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சொல்லப் போனேன். "அத்தை மனசு கசந்தா பிள்ளை தேறாது, உனக்குத் தெரியாதா? சளி எங்கேருந்து வந்ததுன்னு நெனக்கிற?" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அக்கா, நான் அதை நம்பவில்லை. ஆனால் அவர் நம்புகிறார். பிள்ளைமேல் கோபம் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். எனக்கு வேறு ஏதாவது எழுத வேண்டும் என்றால் அதைத் தனித் தாளில் எழுதி உள்ளே மடித்து வையுங்கள். அது அவர் காதுக்குப் போகாது.

கலோலைனே


ஹாபாய்
16 அக்டோபர் 1988

என் தம்பி செமிசிக்கும் அவன் வீட்டாருக்கும்,

ஆண்டவர் காக்கட்டும். லோசேமேல் அத்தைக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் சளி இறங்கட்டும், நன்றாகப் பால் குடிக்கட்டும். என் வாயால் அவளுக்குக் கெடுதல் வந்ததில்லை, வராது. ஆனால் மேல் இடத்தில் நான் உட்கார மாட்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஹுலிட்டா

(தனித் தாள்)

கலோலைனே,

ஆமாம், நான்தான் கவிழ்த்தேன். இரண்டு கையாலும்தான். பொறாமை என்று ஊர் சொல்கிறது, பொறாமைதான் என்று நானும் சொல்லிவிட்டேன். உன் பிள்ளைமேல், உன் வயிற்றுமேல், நீ தூங்கி எழுகிற படுக்கைமேல் எனக்குப் பொறாமைதான். அது பொய் இல்லை.

நீண்ட பலகையின் இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான் நடுவில். பசை ஈரமாக இருக்கும்போது ஒருத்தி எழுந்தால் வரிசையே கலைந்துவிடும். உனக்குத் தெரியும். பாட்டு நடந்துகொண்டிருந்தது. எனக்கு எழுந்திருக்க வேண்டியிருந்தது. எழுந்திருக்க நேரம் இல்லை. சாயம் பக்கத்தில் இருந்தது. பழுப்புச் சாயம்.

"கண்ணு அவிஞ்சவளே, ஒரு வார வேலைடி" என்று பாதிரியார் மனைவியே திட்டினாள். நான் சிரித்தேன். மடியெல்லாம் சாயத்தோடு நேராகக் கடலில் போய் இறங்கினேன். பொறாமைக்காரி என்று பின்னால் கத்தினார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது, கலோலைனே. பொறாமைக்காரி என்றால் ஊரில் பாதிப் பேர் அதுதான்.

இதற்குமேல் நீயாக எதுவும் கேட்காதே.


ஆக்லாந்து
1 நவம்பர் 1988

அன்பான அக்கா,

லோசேவுக்குச் சளி இறங்கிவிட்டது. இங்கே ஒரு மருந்து கொடுத்தார்கள். உங்கள் கடிதத்தால்தான் என்று உங்கள் தம்பி நினைக்கிறார், நான் மறுக்கவில்லை. உங்களுக்கு ஆண்டவர் பலம் தரட்டும். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசிக்கப் போவதில்லை. உங்கள் தனித் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்க வேண்டாம் என்றீர்கள். நான் கேட்கவில்லை. என்னுடையதைச் சொல்கிறேன்.

மூத்தவன் சோசாயா பிறந்தபோது இடுக்கி போட்டு இழுத்தார்கள். பின்வாசல் வரைக்கும் கிழிந்துவிட்டது. மேல் தோலைத் தைத்தார்கள். உள்ளே அறுந்திருந்த தசையை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு மலம் அடங்கவில்லை, அக்கா. வருகிறது என்று தெரியும்போது வந்திருக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் அந்த உடம்போடுதான் பெற்றேன். தும்மல் போல என்று ஃபானே சொன்னாளே, எனக்குத் தும்மினால்கூடப் போய்விடும். நான் கூட்டுகிற ஆபீசில் ஒருநாள் தரை கழுவுகிற வாளியை எனக்கு நானே கவிழ்த்துக்கொண்டேன். "குடிச்சிட்டு வந்தியா?" என்று மேஸ்திரி கேட்டான். ஆமாம் என்றேன். இரண்டு வாரம் வேலை இல்லை. துண்டுகளையும் விரிப்புகளையும் பெட்டி பெட்டியாக யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார முடிகிறதா என்று கேட்டேன். தைரியம் அவ்வளவுதான் இருந்தது.

மூன்றாவது பிறந்த பிறகு, பிள்ளையை எடை போட வீட்டுக்கு வருகிற நர்ஸ், பால் போதுமா என்று கேட்கிற மாதிரி, "மலம் அடங்குதாம்மா?" என்று கேட்டாள். அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இதைக் கேட்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். அறுந்த தசையை இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். அந்தத் தையல் பிரியக் கூடாது என்றுதான் லோசேவை வயிற்றை அறுத்து எடுத்தது. உங்கள் தம்பிக்கு இது ஏதோ பெண்கள் ஆபரேஷன், அவ்வளவுதான் தெரியும்.

இப்போது முக்கால்வாசி சரி. காற்றை மட்டும் கட்டிவைக்க முடியவில்லை. கோயிலில் நீண்ட ஜெபம் வந்தால் பெஞ்சை இழுத்துச் சத்தம் பண்ணுவேன். பாதிரியார் என்னை அமைதியில்லாத ஆத்மா என்கிறார்.

அக்கா, நீங்கள் சோம்பேறியாக இருந்ததால் இது வரவில்லை.

உங்கள்
கலோலைனே


ஹாபாய்
20 நவம்பர் 1988

கலோலைனே,

ஆண்டவருக்கு நன்றி சொல்லித் தொடங்க வேண்டும். இன்றைக்கு அது வரவில்லை. நீ நலமாக இருப்பது தெரிகிறது. நான் நலமாக இல்லை.

உன் கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். வேறெங்கே? படித்ததும் உன்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு உன்மேல் முன்னைவிட ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் உன் பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன், இப்போது உன் தையல்மேல் படுகிறேன். உன்னிடம் ஒரு நர்ஸ் கேட்டாள். என்னிடம் யார் கேட்டார்கள்? பௌலா கேட்டான், "இது என்ன நாத்தம்?" என்று. பிறகு சமையல் குடிசையில் படுத்தான், பிறகு கப்பலில் ஏறிவிட்டான். மகளுக்காகத் துக்கப் பாய் கட்டியிருக்கிறேன் என்று ஊர் நினைக்கிறது. அவளுக்காகவும்தான். உள்ளே சுற்றியிருக்கிற துணியின் புடைப்பு தெரியக் கூடாது என்பதற்காகவும்தான். எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. அவள் துக்கத்தைக்கூட எனக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று நாள் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். பிறகு கேள்வியாக வந்தது. வலிக்குமா? நூல் உள்ளேயே மக்கிப் போகுமா? விளக்கு வைத்துப் பார்ப்பார்களா? ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது? வருஷம் ஆனதைத் தைக்க முடியுமா?

இனி நான் சொல்வதைக் கேள். நான் செமிசியின் அக்கா, உன் பிள்ளைகளின் அத்தை. அத்தை கேட்டால் உன் வீட்டில் ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது, அது நம் வழக்கம். பாய், பன்றி, பிள்ளை, எது கேட்டாலும். நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது இரண்டு கேட்கிறேன்.

விருந்துக்கு முன்னால் நீ மட்டும் தலைநகரில் இறங்கு. நான் படகில் வருகிறேன். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, என் வாயால் சொல்ல முடியாததை நீ டாக்டரிடம் சொல். செமிசிக்கு என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

இரண்டாவது. நான் மேல் இடத்தில் உட்காருகிறேன். ஃபானேவுக்கு விட மாட்டேன். தம்பி மனைவி அடுப்படியில்தான் இருக்க வேண்டும், முன்னால் வரக் கூடாது என்பார்கள். அத்தை சொன்னால் வரலாம். நீ என் முதுகுக்குப் பின்னால் விசிறியோடு உட்கார். பேச்சாளர்கள் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். நடுவில் நான் எழுந்தால் அவமானம். பிள்ளை அழுதால் அத்தை தூக்கிக்கொண்டு வெளியே போகலாம், ராஜாவே பேசினாலும் நிறுத்திக்கொள்வார். நான் கையைப் பின்னால் நீட்டி உன் முழங்காலைத் தொடுவேன். நீ லோசேவைக் கிள்ளு.

முடியுமா, முடியாதா? எழுது.

ஹுலிட்டா


ஆக்லாந்து
2 டிசம்பர் 1988

அக்கா,

ஆண்டவருக்கு நன்றி. எல்லோரும் நலம். 14ஆம் தேதி இறங்குகிறேன். அக்காவுக்குப் புது உடுப்பு தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஆண் டாக்டராக இருந்தால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சுவரைப் பாருங்கள்.

கிள்ளுகிறேன்.

கலோலைனே


ஹாபாய்
29 ஜனவரி 1989

அன்பான கலோலைனேவுக்கு,

உங்களைக் கடல் தாண்டிச் சுகமாகச் சேர்த்த ஆண்டவருக்கு நன்றி. பிள்ளைகள் இருமாமல் இருக்கிறார்களா? செமிசி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டானா? எனக்குச் சுகம், பழைய குறையோடு.

நீங்கள் போன பிறகும் இங்கே விருந்துப் பேச்சுதான். இரண்டு தரம் எழுந்து போனேனா, இரண்டு தரமும் பேச்சு நின்றதா, இரண்டாவது தரம் பேச்சாளருக்கு விட்ட இடம் மறந்துவிட்டதா, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஃபானே மட்டும் கிணற்றடியில் எல்லோரும் கேட்கிற மாதிரி, "பிள்ளைக்கே அத்தை மடி பிடிக்கல பாருங்க. நம்மளைவிடப் பிள்ளைங்களுக்குத்தான் மனுசங்களைத் தெரியும்" என்றாள். பதில் சொல்லாமல் விடுகிறவள் இல்லை நான், உனக்கே தெரியும். அன்றைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்திருக்கிறது. தைக்கிற டாக்டர் வெளிநாட்டிலிருந்து ஜூலையில் வருவாராம். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. "முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன், முன்னைவிட நல்லாகும்" என்று டிசம்பரில் நாம் பார்த்த டாக்டர் சொன்னபோது நீ என் விரலை நசுக்கினாயே, அது இன்னும் வலிக்கிறது. ஜூலைவரை நீ சொல்லிக்கொடுத்தபடி இறுக்கி விடுகிற பயிற்சியைச் செய்கிறேன். கோயிலில் செய்தால் யாருக்கும் தெரிவதில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது தரம் வெளியே போனபோது, என் வேலை முடிந்த பிறகும் நான் உடனே உள்ளே வரவில்லை. லோசே அழுகையை நிறுத்திவிட்டாள். பிள்ளை கனமாக இருந்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளை அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. என் தோளில் முகத்தை வைத்து எச்சில் வடித்தாள். இவள் ஏன் உன்னுடையவள், ஏன் என்னுடையவள் இல்லை என்று நினைத்தேன். அப்படியே படகுத்துறைப் பக்கம் நடந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அத்தை கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்லக் கூடாதே. சொல்லியிருக்க மாட்டாய். அதனால்தான் கேட்கவில்லை. உள்ளே கொண்டு வந்தேன்.

மறுநாள் லோசேவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், தொடையில் இரண்டு இடத்தில் கன்றிப் போயிருந்தது. இப்போது மறைந்துவிட்டதா? மறக்காமல் எழுது. இவ்வளவு பலமாகவா கிள்ளுவாய்? அடுத்த தரம் மெதுவாகக் கிள்ளு. அவளுக்கு அழ நன்றாகவே வருகிறது.

பிள்ளைகள் எல்லோருக்கும், முதலில் அவளுக்கு, அத்தையின் முத்தம்.

ஹுலிட்டா